யாருக்குச் செயலாளர்?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கம்பெனி செக்ரட்டரியாக ஜூலை மாதம் சேர்ந்தேன். வயது 26. குடும்பத்தில் முதல் பட்டதாரி; அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். செலுத்தப்பட்ட மூலதனம் (பங்குதாரர்கள் பங்குகளுக்காகக் கட்டிய பணம்) 11 கோடி ரூபாயாக உயர்ந்துவிட்டதால் செக்ரட்டரி வைத்தே ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லி என்னை எடுத்தார்கள். இயக்குநர்கள் மூவர்: முதலாளி, அவருடைய தம்பி, அவர்களின் தாயார். ஜூன் 12 அன்று 12 கோடி ரூபாய் இயந்திரக் கடனுக்கு முதலாளி வங்கியில் கையெழுத்திட்டிருக்கிறார். போர்டு தீர்மானத்தைப் பிறகு கொடுத்தால் போதும் என்று வங்கி மேலாளர் அப்போது விட்டுவிட்டார். இந்தச் செப்டம்பரில் அவர்களுடைய உள் தணிக்கையில் அதைக் கேட்கிறார்கள். உண்மையில் அன்று கூட்டமே நடக்கவில்லை. தம்பி ஜெர்மனியில் இருந்தார். "ஜூன் 12 காலை பதினோரு மணிக்குக் கூட்டம் நடந்ததாக மினிட்ஸ் எழுதி, நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடம்மா" என்கிறார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. "எல்லாக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம், வெறும் காகிதம்தானே" என்கிறார் அக்கவுண்ட்ஸ் மேலாளர். எனக்குக் கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. வீட்டில் அத்தை, "யாருக்குச் செக்ரட்டரியாக இருக்கிறாய்?" என்று கேட்கிறார். அவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் வேலைதான் என்ன?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்த மினிட்ஸை, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பை, எழுதாதீர்கள். நகலிலும் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் ஜூலையில் சேர்ந்தவர்; நீங்கள் இல்லாத ஒரு நாளில், நடக்காத ஒரு கூட்டத்துக்கு உங்கள் கை சாட்சி சொல்லக் கூடாது. உங்கள் முதலாளிக்கு வேண்டிய தீர்மானம் நேர்மையாகக் கிடைக்க வழி இருக்கிறது. பத்து நாள்கூட ஆகாது. அதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் அத்தையின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழிலின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்.

யாருக்குச் செக்ரட்டரி? முதலாளிக்கு இல்லை. அவருக்குக் கடிதம் தட்டச்சு செய்யவும் தொலைபேசி எடுக்கவும் இருப்பவர் தனிச் செயலர். அது வேறு பணி, அதிலும் குறைவொன்றும் இல்லை. நீங்கள் கம்பெனிக்குச் செயலாளர். கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதற்குச் சொத்து உண்டு, கடன் உண்டு, வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு. வாயும் கையும் மட்டும் கிடையாது. அது ஒன்றை முடிவு செய்தது என்று எப்படித் தெரியும்? இயக்குநர்கள் கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள். அதை ஒருவர் எழுதி வைப்பார். அந்த ஒருவர்தான் நீங்கள். உங்கள் முதலாளி அந்தக் கம்பெனியைப் பெற்று வளர்த்தவராக இருக்கலாம், பங்குகளில் பெரும்பகுதி அவர் கையில் இருக்கலாம். ஆனாலும் அவரும் கம்பெனியும் இரண்டு பேர். நம் ஊரில் இதைப் புரியவைப்பதுதான் செக்ரட்டரியின் வேலையில் கடினமான பகுதி. தறியோ தையல் இயந்திரமோ ஒன்றில் தொடங்கி இந்த அளவுக்கு வளர்ந்தவரிடம் போய், "இது நீங்கள் அல்ல" என்று சொன்னால் மனம் நோகத்தான் செய்யும்.

சட்டமும் ஒரு காலத்தில் செக்ரட்டரியை எடுபிடியாகத்தான் பார்த்தது. 1887-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, செக்ரட்டரி வெறும் பணியாள், சொன்னதைச் செய்பவர் என்றே தீர்ப்பில் சொல்லிவிட்டது. எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1971-இல், பனோரமா வழக்கு என்று எங்கள் பாடப் புத்தகங்களில் வரும் வழக்கில் நிலைமை மாறியது. ஒரு துணி நிறுவனத்தின் செக்ரட்டரி, வாடிக்கையாளர்களை அழைத்துவர வேண்டும் என்று சொல்லி, கம்பெனி பெயரில் சொகுசுக் கார்களை வாடகைக்கு எடுத்துத் தன் சொந்தச் சவாரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பணம் தர முடியாது, அவருக்கு அதிகாரமே கொடுக்கவில்லை என்றது கம்பெனி. செக்ரட்டரி இப்போது வெறும் எழுத்தர் அல்ல, கம்பெனியின் பெயரால் ஒப்பந்தம் செய்யக்கூடிய முக்கியமான அதிகாரி, அவர் கையெழுத்தை வெளியார் நம்பலாம், ஆகவே கம்பெனி பணம் கட்டத்தான் வேண்டும் என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. பதவியின் பெருமையைச் சொன்ன தீர்ப்பு, ஒரு செக்ரட்டரியின் மோசடியில் பிறந்தது. மாணவியாக இதைப் படித்தபோது வெறும் வழக்காகத்தான் தெரிந்தது. நம் கையெழுத்தை முன்பின் தெரியாதவர்கள் நம்புகிறார்கள், நம் மீது வரும் பொறுப்பு அந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது என்பதை வேலைக்கு வந்த பிறகே உணர்ந்தேன்.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் செக்ரட்டரியை நிர்வாக இயக்குநர், தலைமை நிதி அதிகாரி ஆகியோரின் வரிசையில், முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர்களில் ஒருவராக வைத்திருக்கிறது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களுக்கும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயை எட்டிய பொது நிறுவனங்களுக்கும் முழுநேரச் செக்ரட்டரி கட்டாயம். தனியார் நிறுவனங்களுக்கு முன்பு 5 கோடியாக இருந்த வரம்பு, 2020 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 10 கோடி ஆனது. உங்கள் நிறுவனம் அந்த விதியில்தான் வருகிறது. வைக்காமல் விட்டால் நிறுவனத்துக்கு 5 இலட்சம் ரூபாய் அபராதம். பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் இயக்குநர் குழுக் கூட்டத்தில் நிரப்ப வேண்டும். இங்கிலாந்தில் 2008 ஏப்ரல் முதல் தனியார் நிறுவனங்களுக்குச் செக்ரட்டரி தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். நாம் அந்த வழியில் போகவில்லை. நம் குடும்ப நிறுவனங்களை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், போகாததே சரி என்பது என் எண்ணம்.

அந்த வரிசையில் இடம் கிடைத்ததற்கு விலையும் உண்டு. சட்டத்தை மீறினால் 'தவறிழைத்த அதிகாரி' என்ற பட்டியலில் முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர்களும் வருவார்கள். "சொன்னார்கள், செய்தேன்" என்ற பதில் அங்கே எடுபடாது.

அக்கவுண்ட்ஸ் மேலாளர் சொல்லும் அந்த 'வெறும் காகித'த்தைப் பார்ப்போம். முறையாக எழுதப்பட்ட மினிட்ஸ், அதில் உள்ள நடவடிக்கைகளுக்குச் சான்று என்று சட்டத்தின் 118-ஆம் பிரிவு சொல்கிறது. மினிட்ஸில் முறைகேடு செய்தது நிரூபணமானால் இரண்டாண்டு வரை சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 இலட்சம் வரை அபராதம். மோசடிக்கான 447-ஆம் பிரிவில் சிறை ஆறு மாதத்தில் தொடங்கிப் பத்தாண்டு வரை போகும். அந்தப் பிரிவு நாளையே உங்கள் மீது பாயும் என்று பயமுறுத்தவில்லை. உங்கள் முதலாளி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் கடன் ஒழுங்காகக் கட்டப்படும் வரைதான் அந்தக் காகிதத்தை யாரும் கிளற மாட்டார்கள். நாளை ஏற்றுமதி படுத்து, தவணை தவறி, வங்கி கோப்பைப் புரட்டும்போது, ஜெர்மனியில் இருந்தவர் திருப்பூர்க் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததாக எழுதிய தாள் எப்படித் தெரியும்? அவருடைய பாஸ்போர்ட்டில் வெளியேறிய தேதியும் திரும்பி வந்த தேதியும் முத்திரையாக இருக்குமே.

பொய் அந்த ஒரு புத்தகத்தோடும் நிற்காது. அடுத்த ஆண்டு நீங்கள் நிறுவனத்தின் ஆண்டு விவரத்தாளாகத் தாக்கல் செய்யும் எம்.ஜி.டி.–7 படிவத்தில், நடந்த இயக்குநர் குழுக் கூட்டங்களின் தேதிகளையும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். அதில் ஜூன் 12 என்று போட்டால் அது அரசுப் பதிவேட்டில் ஏறும், உங்கள் கையெழுத்தோடு. தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் அதற்குத் தனிப் பிரிவு, 448, இருக்கிறது. தண்டனை 447-இல் சொன்னதேதான்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு மூத்த செக்ரட்டரியிடம் உதவியாளராக இருந்தேன். ஒரு குடும்ப நிறுவனத்தில் அண்ணன்களுக்கும் தங்கைக்கும் தகராறு. புதிதாகப் பங்குகளை ஒதுக்கி, தங்கையின் பங்கைச் சிறுக்க வைத்துவிட்டார்கள் என்பது வழக்கு. அப்போது இவற்றை விசாரித்தது கம்பெனி லா போர்டு. 2016-லிருந்து அந்த இடத்தில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது. அண்ணன்களின் தரப்பு எங்களுடையது. மினிட்ஸ் புத்தகத்தைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் தூங்காமல் சென்னை போனேன். கெட்டி அட்டை, எண் போட்ட பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிகம் பேசவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. பங்கு ஒதுக்கிய கூட்டம் நடந்ததாகப் புத்தகத்தில் எழுதியிருந்த அதே தேதி. மூத்த இயக்குநரின் மகளுக்கு உடுமலையில் கல்யாணம், முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. புத்தகத்தில் கூட்டம் பத்தரைக்கு, கோயம்புத்தூர்ப் பதிவு அலுவலகத்தில். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, அதன் கீழே நான்கு இயக்குநர்களின் பெயரும் வரிசையாக அச்சாகியிருந்தது. "இவர்கள் நால்வரும் அன்று எங்கே இருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பங்கு ஒதுக்கீடு நிற்கவில்லை. அதைவிட எனக்கு மறக்காதது, மினிட்ஸை எழுதிய பெரியவர். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்தது. ஏதோ ஒரு தேதி போட வேண்டும் என்று நாள்காட்டியைப் பார்த்து ஒரு நல்ல நாளாகப் போட்டிருக்கிறார். நல்ல நாள் என்பதால்தான் கல்யாணமும் அன்று அமைந்தது. அவருக்கு அதில் ஒரு ரூபாய் லாபம் இல்லை. வராந்தாவில் சுவரோரமாகக் கைகட்டி நின்றார். அண்ணன்மார் ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

உங்கள் நிறுவனத்திலும் அண்ணன், தம்பி, அம்மா. இன்று ஒற்றுமையாக இருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். ஒருவேளை பாகம் பிரியும் நாள் வந்தால், முதலில் திறக்கப்படும் புத்தகம் உங்களுடையது. தம்பி, "நான் அன்று ஊரிலேயே இல்லை, எனக்குத் தெரியாமல் கடன் வாங்கினார்கள்" என்று சொன்னால், உங்கள் முதலாளி போடச் சொன்ன பொய் அவருக்கே எதிராக நிற்கும். அவரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். சட்டப் பிரிவுகளைவிட இது அவருக்குச் சட்டென்று விளங்கும்.

இனி வழி. முதலில் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டுங்கள். கடன் வாங்கும் அதிகாரத்தை இயக்குநர் குழு ஒரு வரம்பு வைத்து நிர்வாக இயக்குநருக்கு முன்பே ஒப்படைத்திருக்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்படி ஒரு தீர்மானம் உண்மையாகவே இருந்து, 12 கோடி அந்த வரம்புக்குள் வந்தால், பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அதன் நகலைக் கொடுங்கள்.

இல்லையென்றால் கூட்டம் நடத்துங்கள். கையெழுத்துக்குத் தாளைச் சுற்றுக்கு அனுப்பி முடிக்கலாமே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடன் வாங்கும் தீர்மானம் கூட்டத்தில்தான் நிறைவேற வேண்டும் என்பது 179-ஆம் பிரிவு. ஏழு நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவசர வேலைக்குக் குறைந்த அவகாசத்திலும் கூட்டலாம் என்றாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏழு நாளும் கொடுப்பேன். இவ்வளவு பேச்சு வந்த பிறகு அவசரம் காட்டுவது நல்லதல்ல. மூவரில் இருவர் இருந்தால் குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வேண்டிய ஆள் கணக்கு, சரியாகிவிடும். இருந்தாலும் தம்பியை விட்டுவிடாதீர்கள். அவர் மறுபடி வெளிநாட்டில் இருந்தால் காணொலியில் சேரலாம். அப்போது ஒவ்வொருவரும் தம் பெயரையும், எங்கிருந்து பேசுகிறார் என்பதையும், தம்முடன் வேறு யாரும் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்.

தீர்மானத்தில் உண்மையை அப்படியே எழுதுங்கள்: ஜூன் 12 அன்று நிறுவனத்தின் சார்பில் நிர்வாக இயக்குநர் கையெழுத்திட்ட கடன் ஆவணங்களை இயக்குநர் குழு இன்று பரிசீலித்தது, அவற்றை ஏற்று, அன்றுமுதல் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதாக உறுதிசெய்கிறது. இவ்வளவுதான். பின்னேற்பு என்போம். வங்கிக்குத் தேவை நிறுவனம் இந்தக் கடனை ஏற்கிறது என்ற சான்று. உண்மையான தேதியிட்ட பின்னேற்பு அந்த வேலையைச் செய்யும். கூட்டத்துக்கு முன் அதன் வாசகத்தை வங்கியின் சட்டப் பிரிவுக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். பிறகு திருத்தம் கேட்டு அலைய வைக்க மாட்டார்கள். தீர்மான வரைவைக் கூட்டத்திலேயே முன்வைத்திருந்தால், மினிட்ஸில் தலைவர் கையெழுத்திடும் வரை காத்திராமல் சான்றிட்ட நகலைத் தரலாம். இந்தியக் கம்பெனி செக்ரட்டரிகள் கழகம் கூட்டங்களுக்கு வகுத்த செயலகத் தரநிலை அதற்கு இடம் கொடுக்கிறது. மினிட்ஸ் வரைவை 15 நாளுக்குள் எல்லா இயக்குநருக்கும் அனுப்புங்கள். அவர்கள் கருத்துச் சொல்ல ஏழு நாள். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

தீர்மானம் இல்லாமல் கடன் வாங்கியது தவறுதானே என்றால், தவறுதான். தனியாகத் தண்டனை சொல்லாத மீறல்களுக்கான 450-ஆம் பிரிவில் 10,000 ரூபாயும், தொடர்ந்தால் நாளுக்கு 1,000 ரூபாயும் அபராதம். உச்சவரம்பு நிறுவனத்துக்கு 2 இலட்சம், அதிகாரிக்கு 50,000. முதலாளியின் முன் இரண்டு கணக்கையும் வையுங்கள். ஒரு பக்கம் பணத்தோடு முடியும் தவறு. மறுபக்கம் சிறை வரை போகக்கூடிய பொய். இலாப நட்டம் பார்த்தே வளர்ந்தவர், கணக்குப் போடத் தெரிந்தவர்தான்.

பேசும் விதமும் முக்கியம். எல்லோர் முன்னிலும் மறுக்காதீர்கள். தனியாக நேரம் கேளுங்கள். "சார், வங்கிக்குத் தீர்மானம் அடுத்த வாரம் நான் தருகிறேன், அதற்கு இந்த மூன்று வேலை நடக்க வேண்டும்" என்று தொடங்குங்கள். முடியாது என்று தொடங்கினால் காது மூடிக்கொள்ளும். அறிவிப்பின் வரைவைக் கையிலேயே கொண்டு போங்கள். அவர் கேட்பது பொய்யை அல்ல. வங்கியின் தொல்லை தீர வேண்டும் என்பதை. அதைத் தீர்த்து வைப்பதும் செக்ரட்டரியின் வேலையில் சேர்ந்ததே.

தாயாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நிறுவனங்களில் வீட்டுப் பெரியவர் இயக்குநராக இருப்பார். காட்டிய இடத்தில் கையெழுத்திடுவார். பொறுப்பு என்று வரும்போது சட்டம் அவருக்குத் தனிச் சலுகை தராது. இயக்குநர்களின் கடமை, பொறுப்பு, அதிகாரம் ஆகியவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது செக்ரட்டரியின் கடமைகளில், சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் முதலாவதாகச் சொல்வது. இந்தக் கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு கடன், எதற்கு, எந்தச் சொத்து ஈடு, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நல்ல தமிழில் சொல்லுங்கள். இதுவரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒரு கேள்வி கேட்டால், அதையும் மினிட்ஸில் எழுதுங்கள்.

மேசை இழுப்பறையையும் திறந்து பாருங்கள். இயக்குநர்களின் டிஜிட்டல் கையெழுத்துக் கருவிகள் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, கடவுச்சொல் எழுதிய துண்டுத்தாளோடு அங்கே கிடக்கும் என்றே நினைக்கிறேன். நான் போன பல அலுவலகங்களில் அப்படித்தான் இருந்தன. அவற்றை ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். படிவம் தாக்கல் செய்யும் நாளில் அவர்களே வந்து பதியட்டும். சிரமம் என்பார்கள். சிரமம்தான். ஆனால் அவர்கள் பார்க்காத படிவத்தில் அவர்கள் கையெழுத்தை நீங்கள் போட்டால், இன்று நீங்கள் மறுக்கும் அதே காரியத்தை நாளை வேறு வடிவில் நீங்களே செய்கிறீர்கள்.

உங்கள் அன்றாட வேலையில் மற்றவை நீங்கள் படித்தவைதான். ஆண்டுக்கு நான்கு இயக்குநர் குழுக் கூட்டங்கள், இடைவெளி 120 நாளைத் தாண்டாமல். ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள், அது முடிந்த 30 நாளில் நிதியறிக்கைப் படிவம், 60 நாளில் எம்.ஜி.டி.–7, தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இதை அலட்சியம் செய்ததன் விலையை 2017-இல் நாடே பார்த்தது. தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றின் இயக்குநர்கள் இலட்சக்கணக்கில் தகுதியிழந்தார்கள். தனியார் நிறுவனம் கடன் வரம்புக்குப் பங்குதாரர்களின் தீர்மானம் வாங்கத் தேவையில்லை என்ற சலுகைகூட, இந்தத் தாக்கல்களை ஒழுங்காகச் செய்திருந்தால்தான் பொருந்தும். ஆகவே உங்கள் நிறுவனத்தின் பழைய தாக்கல்களை ஒருமுறை சரிபாருங்கள்.

சரிபார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரலாம். முந்தைய ஆண்டுகளின் கூட்டங்களும் இதே மாதிரி காகிதத்தில் மட்டும் நடந்தவையாக இருக்கலாம். அவற்றை நீங்கள் திருத்தி எழுதாதீர்கள். எதெது கடைப்பிடிக்கப்பட்டது, எது இல்லை என்று இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தருவது 205-ஆம் பிரிவில் உங்களுக்குச் சொன்ன முதல் கடமை. கண்டதை எழுதி அவர்கள் முன் வையுங்கள். முன்வந்து ஒப்புக்கொண்டு பதிவாளரிடம் அபராதம் கட்டி முடிப்பதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். செக்ரட்டரி இருப்பதால் இயக்குநர்களின் கடமை எதுவும் குறைந்துவிடாது என்று அதே பிரிவு சொல்கிறது. எல்லாவற்றையும் உங்கள் தோளில் ஏற்றிக்கொண்டு தூக்கம் கெடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால்? அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் சொல் வேண்டாம். ஜூன் 12 அன்று கூட்டம் நடக்கவில்லை என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது, ஆகவே அந்தத் தேதியில் மினிட்ஸ் எழுத இயலாது, மாற்றாக இந்த வழியை முன்வைத்தேன் என்று நான்கு வரி. மூன்று இயக்குநர்களுக்கும் போகட்டும். அதன் பிறகும் வற்புறுத்தினால் வேலையை விட்டுவிடுங்கள்; விலகல் கடிதத்தில் காரணத்தை மறைக்காதீர்கள். கல்விக் கடன் இருப்பவரிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. உங்கள் அப்பா நாள் முழுக்க நின்று துணி வெட்டிய காசில் படித்த படிப்பு என்பதையும் மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். கழக உறுப்பினர் எண் ஒன்றுதான் உங்கள் மூலதனம். ஒரு நிறுவனம் போனால் இன்னொன்று கிடைக்கும். 10 கோடியைத் தாண்டும் நிறுவனங்கள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டே இருக்கும். தொழில்முறைத் தவறு என்று கழகத்தின் ஒழுங்கு விசாரணையில் நின்று அந்த எண்ணை இழந்தால், வேறொன்று வாங்க முடியாது. ஆனால் அந்த இடம் வரை போகாது என்றே நினைக்கிறேன். என் அனுபவத்தில், நல்ல மனிதர் என்று ஊழியர் தானாகச் சொல்லும் முதலாளிகள், வழியோடு வந்து நின்றால் கேட்டிருக்கிறார்கள்.

தனியாக யோசித்துக் குழம்பாதீர்கள். கோயம்புத்தூரில் நம் கழகத்தின் கிளை இருக்கிறது. அங்கே வரும் மூத்தவர்களில் ஒருவரிடம் தீர்மான வரைவைக் காட்டிச் சரிபாருங்கள். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டுக் காட்டலாம்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று எனக்கு உறுத்துகிறது. அந்தக் கடனுக்கு இயந்திரங்களை ஈடாகக் கொடுத்திருப்பீர்கள். சார்ஜ் பதிவு, அதாவது அந்த ஈட்டை நிறுவனப் பதிவாளரிடம் பதியும் படிவமான சி.எச்.ஜி.–1, தாக்கல் ஆகிவிட்டதா? தீர்மானத்தையே மறந்தவர்கள் இதையும் மறந்திருக்கலாம். ஈடு கொடுத்த 30 நாளுக்குள் பதிய வேண்டும்; கூடுதல் கட்டணத்தோடு 60 நாள் வரை; அதற்கு மேல் கடன் தொகையை ஒட்டிய கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதியாத சார்ஜை, நிறுவனம் கலைக்கப்படும்போது கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள் என்பதால், இது வங்கிக்கும் உயிர்ப் பிரச்சினை. ஜூன் 12-லிருந்து எண்ணினால் 120-ஆவது நாள் அக்டோபர் 10. நாளைக் காலை அலுவலகம் போனதும், முதலாளியிடம் பேசுவதற்கு முன்பே, இதைப் பார்த்துவிடுங்கள்.